வசீகரத் திருடியைக் கதையில் எழுதுவது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குற்றப் புனைவு எழுதத் தொடங்கும் பலருடைய மனத்தில் முதலில் தோன்றுவது ஒரு காட்சிதான். விருந்து மண்டபத்தின் படிக்கட்டில் பட்டாடையும் வைரத்தோடுமாக ஒரு பெண் இறங்கி வருகிறாள். மண்டபத்தில் உள்ள அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்புகின்றன. மறுநாள் காலையில் பெட்டகம் காலியாகக் கிடக்கிறது. இந்தக் காட்சியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் இதிலிருந்து கதையைத் தொடங்குகிறவர் பத்தாவது பக்கத்துக்குள் திகைத்து நின்றுவிடுகிறார். அந்தப் பெண்ணை அவர் படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தாரே தவிர, மேலே அறைக்குள் அவள் என்ன செய்துவிட்டு வந்தாள் என்பதை எட்டிப் பார்க்கவில்லை. வசீகரம் அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம் என்றால், அதைப் பற்றி எழுத இரண்டு வரிகளுக்கு மேல் எதுவும் இருக்காது. அது அவள் கற்றுக்கொண்டு, பணம் செலவழித்து, நாள்தோறும் பழகிக் காப்பாற்றி வருகிற ஒரு தொழில் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாவலுக்கே பொருள் கிடைக்கும். படிக்கட்டுக் காட்சியிலிருந்து தொடங்கிய ஒரு குறுநாவலை நானும் பாதியில் கைவிட்டிருக்கிறேன். அதை மறுபடி எழுதியபோது பின்பற்றிய வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

முதற்படி: ஏமாறப்போகிறவரிடமிருந்து தொடங்குங்கள்

நாயகியின் பெயர், வயது, உடை எதையும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். அவளிடம் ஏமாறப்போகிற மனிதர் யார், அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை எது என்பதை முதலில் எழுதுங்கள். பணத்தாசை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடக் கூடாது. பணத்தாசை எல்லோருக்கும் உள்ளது; அதை வைத்து ஒரு குறிப்பிட்ட மனிதரை ஏமாற்றும் கதையை அமைக்க முடியாது.

வரலாற்றில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் கர்தினால் ரோகான் என்பவர் பெரும் செல்வமும் உயர்ந்த மதப் பதவியும் பெற்றிருந்தார். ஆனால் அரசி மரி அந்துவானெத் அவரை வெறுத்து ஒதுக்கியிருந்தார். அரசியின் தயவை மீண்டும் பெற வேண்டும் என்ற ஒரே ஏக்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. தன்னைக் கோமாட்டி என்று சொல்லிக்கொண்ட ழான் டி லா மோத் என்ற பெண் அந்த ஏக்கத்தைக் கண்டுகொண்டாள். 1784ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் இருளில், அரசியின் சாயல் கொண்ட ஒரு பெண்ணை நிறுத்தி அவள் கையால் கர்தினாலுக்கு ஒரு ரோஜாவைக் கொடுக்க வைத்தாள். சில நொடிகளில் முடிந்துவிட்ட அந்தச் சந்திப்புக்குப் பிறகு, அரசிக்காக என்று சொல்லி 16 லட்சம் லிவர் விலையுள்ள வைர மாலையைக் கடனுக்கு வாங்கித் தரும்படி கேட்டபோது, கர்தினாலுக்கு ஐயம் எழவில்லை. 1785ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் மாலை கைமாறியது. பின்னர் அது பிரிக்கப்பட்டு அதன் கற்கள் இலண்டனில் விற்கப்பட்டன. இதில் ழானின் அழகு எவ்வளவு வேலை செய்தது என்று எண்ணிப் பாருங்கள். கர்தினால் மயங்கியது ழானைப் பார்த்து அன்று. தன்னை அரசி மன்னித்துவிட்டார் என்ற எண்ணத்தில்தான் அவர் மயங்கினார். வைரம் 647, ரோஜா ஒன்று. கதையைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒற்றை ரோஜா. உங்கள் கதையிலும் அந்த ரோஜா எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

இக்கட்டுரை முழுவதும் துணைக்கு வரும்படி ஒரு கதையைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். கப்பல் தொழிலில் பொருள் சேர்த்து ஓய்வு பெற்றுவிட்ட ஒரு முதியவர் இருக்கிறார். அவருடைய வீட்டில் தந்தை சேர்த்து வைத்த ஓவியங்கள் பல உள்ளன. இருபத்தைந்து வயதில் தாமே தேர்ந்து வாங்கிய ஓர் ஓவியமும் அவற்றுக்கிடையில் தொங்குகிறது. அதைப் பார்த்த தந்தை, ‘உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சிரித்தார். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தச் சிரிப்பு மகனை விட்டுப் போகவில்லை. அவருக்கு இனி எந்தச் செல்வமும் தேவையில்லை. தம் கண் சரியானது, தந்தையின் கண்தான் தவறியது என்று அறிவுள்ள ஒருவர் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆசையை எழுதி முடித்துவிட்டால் திருட்டின் வடிவம் தானாகவே புலப்படும். நம் நாயகி ஓவிய மதிப்பீட்டாளராக வருவாள். மகன் வாங்கிய ஓவியம் அசல் என்பாள். தந்தை உயிராய்ப் போற்றிய ஓவியம் ஒன்றைக் காட்டி, மிகுந்த தயக்கத்துடன், இது போலி என்பாள். அந்த வீட்டிலேயே விலைமதிப்பற்றது அதுதான். முதியவர் அதை விரும்பி நம்புவார். குடும்ப மானம் கெடாமல் அதைச் சத்தமின்றி அப்புறப்படுத்தித் தரும்படி அவளிடம் தாமே வேண்டிக்கொள்வார். அவள் பூட்டைத் தொடவே தேவையில்லை.

இரண்டாம் படி: ஒப்பனை அறைக் கணக்கு

இப்போதுதான் நாயகியிடம் வருகிறோம். அவள் அந்த வீட்டு வாசலில் நிற்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் என்னென்ன செய்தாள் என்று நாள்வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கதையில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இடம்பெறாது. எழுதாமல் விட்டால் இடம்பெறும் அந்தச் சிறு பங்கும் உயிரற்றுப் போகும். எந்தக் காலத்து ஓவியர்களைப் பற்றி அவள் படித்தாள், எந்த அருங்காட்சியகத்தில் எத்தனை நாள் நின்றாள், மதிப்பீட்டாளர்கள் ஓவியத்தின் முன்புறத்தைவிடப் பின்புறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதை யாரிடம் கற்றாள், துணியின் நெசவையும் சட்டத்தின் ஆணியையும் சோதிக்கும்போது கையை எப்படி வைத்துக்கொள்வது என்று எத்தனை முறை பழகினாள் ஆகியவற்றை எழுதுங்கள். அதன் பிறகு செலவைக் கணக்கிடுங்கள். அந்தக் காலணிகள் சொந்தமா, இரவலா? கழுத்தில் கிடப்பது அசலா, போலியா? போலியாக இருந்தால் நகை தெரிந்தவர் அருகே வரும்போது அவள் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்? இந்த வேலை கைகூடாவிட்டால் அவளிடம் எத்தனை நாளைக்கான பணம் மிஞ்சும்?

இந்தக் கணக்கை எழுதியதும் வசீகரத்தின் பொருளே உங்களுக்கு மாறிவிடும். ஒரு மதிப்பீட்டாளர் கண்ணைப் பறிக்கும் சிவப்பு உடையில் வர மாட்டார். உயர்ந்த துணியில், அடங்கிய நிறத்தில், சற்றே பழகிய உடையில் வருவார். இலண்டனில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் பெற்றிருந்த ‘நாற்பது யானைகள்’ என்ற பெண் திருடர் கூட்டத்தார் பெரிய அங்காடிகளுக்குச் செல்வச் சீமாட்டிகளைப் போல உடுத்திக்கொண்டு போனார்கள். விலை கேட்கும் நிலையில் உள்ளவர்கள் என்று விற்பனையாளர் நம்ப வேண்டும் என்பதற்காகவும், உடைக்குள் தைத்த மறைவுப் பைகளில் பொருள்களைப் போட்டுக்கொள்வதற்காகவும் அமைந்த உடை அது. அழகு, மறைப்பு, சரக்குப் பை ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே துணி செய்தது. உங்கள் நாயகியின் ஒவ்வோர் அணிகலனையும் இந்தக் கேள்வியால் சோதியுங்கள்: இது என்ன வேலை செய்கிறது? வேலை செய்யாத அணிகலனைக் கழற்றிவிடுங்கள்.

இதே காரணத்தால், அவள் அழகாக இல்லாத ஒரு காட்சியாவது கதையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சித்திரக்கதை உலகின் புகழ்பெற்ற திருடியான பூனைப் பெண், 1940இல் வெளிவந்த பேட்மேன் முதல் இதழில் அறிமுகமானபோது, ஒரு கிழவியின் வேடத்தில்தான் கப்பலில் ஏறியிருந்தாள். வேண்டும்போது கழற்றி வைக்கக்கூடியது என்று தெரிந்த பிறகுதான் அழகும் ஒரு வேடமாக வாசகர் கண்ணுக்குத் தெரியும். நம் கதையில், மதிப்பீட்டாளராக வருவதற்கு ஒரு வாரம் முன்பு அவள் அதே வீட்டுக்குத் துப்புரவுப் பணியாளராக வந்து போயிருக்கலாம். வீட்டுக்காரர் அவளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். வாசகர் பிற்பாடு இதை அறியும்போது ஏற்படும் அதிர்ச்சியில் சற்று வெட்கமும் கலந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பணியாளரை வாசகரும் கவனித்திருக்க மாட்டார்.

மூன்றாம் படி: கையா, சொல்லா?

திருட்டு கையால் நடப்பது, மோசடி சொல்லால் நடப்பது. முடிச்சவிழ்ப்பவளுக்கும் பேச்சால் கவிழ்ப்பவளுக்கும் தேவைப்படும் திறமைகள் வேறு. அவர்களுடைய அச்சங்களும் வேறு. கையால் திருடுகிறவள் அந்தக் கணத்தில் அகப்படுவோமோ என்று அஞ்சுகிறாள். சொல்லால் திருடுகிறவள் பிறகு ஒருநாள் அடையாளம் காணப்படுவோமோ என்று அஞ்சுகிறாள். உங்கள் நாயகி இரண்டையும் செய்யலாம், ஆனால் எதில் அவள் தேர்ந்தவள், எதில் தடுமாறுகிறவள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் தேர்ந்தவளை வைத்துப் பதற்றத்தை உருவாக்க முடியாது.

இந்த இடத்தில் நம் மொழியிலேயே ஓர் அருமையான பாடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் கள்வனைப் போலத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே அப்போது அவர்களை நோக்கிச் சிரித்து, கள்வர்களுக்குத் துணையாக நிற்பவை எட்டு என்று பாடம் நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. உண்மையான திருடன் திருட்டைப் பற்றி நிபுணனாக நின்று சொற்பொழிவாற்றுகிறான். கோவலனின் நல்ல தோற்றத்தையே அவனுக்கு எதிரான சான்றாகத் திருப்பிவிடுகிறான். காவலர்களின் ஐயத்தை அவன் மறுக்கவில்லை, அந்த ஐயத்தின் மேலேயே தன் பொய்யைக் கட்டுகிறான். மோசடிப் பேச்சு எழுதப் பழகுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பலமுறை படிக்க வேண்டும்.

அந்த எட்டையும் ஒரு பட்டியலாக எழுதி உங்கள் கதைக்கு நிரப்பிப் பார்ப்பது மிகப் பயனுள்ள பயிற்சி. தெய்வம் என்ற இடத்தில், அவள் யாருடைய பெயரைச் சொல்லி உள்ளே நுழைகிறாள் என்று எழுதலாம். ழானுக்கு அது அரசியின் பெயர். மருந்து என்ற இடத்தில், ஏமாறுபவரின் அறிவை மழுங்கச் செய்வது எது என்று எழுதலாம். நம் முதியவருக்கு அது தந்தையைத் தோற்கடித்த இன்பம். நிமித்தம் என்பது அவள் அவரிடம் படித்தறிகிற குறிகள்: தந்தையின் படத்தைக் கடக்கும்போது அவர் நடை சற்று விரைவதை அவள் கவனித்துவிடுகிறாள். இடம், காலம், கருவி ஆகியவை பெரும்பாலும் எல்லோருக்கும் தாமாகவே வந்துவிடும். பலருடைய பட்டியலில் காலியாகவே நிற்பது மருந்துதான்.

நான்காம் படி: அவள் கேட்கக் கூடாது

புதிதாக எழுதுகிறவர்களின் மோசடிக் காட்சிகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை, நாயகி அதிகமாகப் பேசுவது. அவள் தன்னை இன்னார் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறாள், சான்றிதழைக் காட்டுகிறாள், நம்பும்படி வற்புறுத்துகிறாள். உண்மையில் வற்புறுத்துகிறவரைக் கண்டால் யாருமே ஒரு அடி பின்வாங்குவார்கள். ஏமாறுபவர் தாமே கண்டுபிடித்ததாக நினைக்கும் செய்தியைத்தான் அவர் ஐயுற மாட்டார்.

அமெரிக்காவில் வாழ்ந்த கேசி சாட்விக் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சி இதை நன்கு விளக்கும். அவள் ஒரு வழக்கறிஞரை வண்டியில் அழைத்துக்கொண்டு நியூயார்க்கில் எஃகுத் தொழில் அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகைக்குப் போனாள். வழக்கறிஞரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே சென்று, வேலைக்காரி ஒருத்தியைப் பற்றி விசாரிக்கும் சாக்கில் சிறிது நேரம் போக்கிவிட்டுத் திரும்பினாள். வண்டியில் ஏறும்போது அவள் கையிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த வழக்கறிஞர், கார்னகியின் கையொப்பத்துடன் பெருந்தொகைக்கு எழுதப்பட்ட கடன் உறுதிச் சீட்டைக் கண்டார். அதன் பிறகு, தான் கார்னகியின் முறை தவறிப் பிறந்த மகள் என்று அவள் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். செய்தி பரவ வேண்டிய இடங்களுக்கெல்லாம் பரவியது. வங்கிகள் தாமாகவே கடன் கொடுக்க முன்வந்தன. 1904இல் அவள் கைதாகும்வரை எந்த வங்கியும் கார்னகியிடம் நேரில் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமன்று என்று கருதும்படியான ஒரு பொய்யை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள்.

நம் கதையில் இந்த உத்தியைப் பொருத்திப் பாருங்கள். தந்தையின் ஓவியம் போலி என்று நாயகி தானாகச் சொன்னால் காட்சி கெட்டுவிடும். அவள் எல்லா ஓவியங்களையும் பார்க்கிறாள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதுகிறாள். அந்த ஓவியத்தின் முன் மட்டும் சற்று அதிக நேரம் நின்றுவிட்டு, எதுவும் எழுதாமல் அடுத்ததற்குப் போகிறாள். முதியவர் கேட்கிறார். அவள் வேறு ஏதோ பேசுகிறாள். அவர் மறுபடி கேட்கிறார். மூன்றாவது முறை அவர் கேட்கும்போதுதான் அவள் பையை மூடிவிட்டு, ‘உங்கள் தந்தையார் இதை யாரிடம் வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்கிறாள். மிச்சத்தை அவர் தாமே நிரப்பிக்கொள்வார். இத்தகைய காட்சியை எழுதி முடித்ததும் அவளுடைய வசனங்களை எண்ணிப் பார்த்து, பாதியை அடித்துவிடுங்கள்.

காலத்தைக் கடத்துவதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. பிரான்சில் தெரேஸ் உம்பேர் என்ற பெண், அமெரிக்கச் செல்வர் ஒருவர் தனக்கு விட்டுச்சென்ற சொத்துப் பத்திரங்கள் ஒரு பூட்டிய பெட்டகத்தில் உள்ளன என்று சொல்லி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடன் வாங்கியே ஆடம்பரமாக வாழ்ந்தாள். பெட்டகத்தைத் திறக்க முடியாதபடி, அச்செல்வரின் உறவினர்கள் என்று கற்பனையாக இருவரை உண்டாக்கி, அவர்களுடன் உண்மையான நீதிமன்றங்களில் வழக்காடினாள். இல்லாத மனிதர்களோடு நடந்த வழக்கு, இல்லாத சொத்துக்குச் சான்றாயிற்று. 1902 மே மாதத்தில் பெட்டகம் திறக்கப்பட்டபோது அதில் மதிப்புள்ளதாக எதுவும் இல்லை. நெடுங்கதை எழுத விரும்புகிறவர்கள் தம் கதையில் திறக்க முடியாத பெட்டகம் எது, அதைத் திறக்காமல் இருக்க எல்லோருக்கும் ஏற்புடைய காரணம் எது என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: யார் கண்ணால் பார்ப்பது, எந்த விகுதியால் சொல்வது

நாயகியின் மனத்துக்குள் இருந்துகொண்டே கதை சொன்னால், அவளுடைய திட்டத்தை வாசகரிடமிருந்து மறைப்பது கடினம். மறைத்தால் அது வாசகருக்குச் செய்யும் துரோகமாகிவிடும். ஏமாறுபவரின் கண்ணால் சொன்னால் வியப்பு கிடைக்கும், ஆனால் ஒப்பனை அறையின் உழைப்பைக் காட்ட முடியாது. முதன்முறை எழுதுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: அவளுடைய கூட்டாளி ஒருவரின் பார்வை. அவளுக்கு உடை தைத்துக் கொடுக்கிற, பொய்க் கடிதங்களை எழுதிக் கொடுக்கிற, வண்டியில் காத்திருக்கிற ஒருவர் பாதி உண்மையை அறிவார். மீதிப் பாதியை நாயகி அவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அவருக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாமல் இருப்பதில் நேர்மைக் குறைவு ஏதும் இல்லை. அவள் தன்னையும் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற அச்சமும் அவர் வழியாகக் கதைக்குள் வந்து சேரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதுவே பெரிய வாய்ப்பும் ஆகும். நம் மொழியில் ஒரு பெண் வந்ததைச் சொல்லும்போதே அவளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘வந்தார்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா? முதியவரின் பார்வையில் நடக்கும் காட்சிகளில் மதிப்பீட்டாளர் ‘வந்தார், அமர்ந்தார், தயங்கினார்’ என்றே இருக்க வேண்டும். கூட்டாளியின் பார்வையில் அதே பெண் ‘வந்தாள்’. துப்புரவுப் பணியாளராக வந்தபோது முதியவரின் வீட்டில் அவளுக்குக் கிடைத்ததும் ‘அவள்’தான். அவர் உண்மையை உணரும் இடத்தில் ஒரு விளக்கமும் தராமல் விகுதியை மட்டும் மாற்றிப் பாருங்கள்: ‘அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை முதியவர் விளக்கின் கீழே பிடித்தார். அவள் பெயரே அதில் இல்லை.’ இரண்டாவது வாக்கியத்தின் முதற்சொல்லிலேயே எல்லாம் உடைந்துவிடுகிறது. பல மொழிகளில் இந்த வசதி இல்லை. தொடக்கத்திலிருந்தே விகுதிகளில் கண்டிப்பாக இருந்தால்தான் இந்த ஓரிடத்தில் அதன் பலன் கிடைக்கும்; ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் ‘இது யார் பார்வை, இங்கே அவள் ஆர் விகுதியா ஆள் விகுதியா’ என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் மற்றவர்களை அழைக்கும் முறையும் அப்படியே. யாரை ‘ஐயா’ என்கிறாள், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறாள், எந்த இடத்தில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகிறது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பாசாங்கு கலைவது முகத்தில் தெரிவதற்கு முன் அழைப்பில் தெரிந்துவிடும்.

வருணனையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியைப் பின்பற்றினால் போதும். அவளுடைய உடலை உறுப்பு உறுப்பாக எழுத வேண்டாம். அவள் நுழைந்ததும் அறையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். யார் பேச்சை நிறுத்தினார், யார் அழுக்கான தம் கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார், யார் மட்டும் அவளைப் பார்க்கவே இல்லை? அந்தக் கடைசி ஆள்தான் பெரும்பாலும் அவளைத் துரத்தப்போகிறவர்.

ஆறாம் படி: கடந்த காலமும் துரத்துகிறவரும்

இவ்விரண்டையும் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. அவள் திருடியானதற்கு ஒரு பெருந்துயரத்தைக் காரணமாகக் காட்டி முழு அத்தியாயம் எழுதுவது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அத்தியாயம் முடியும்போது அவள் இரங்கத்தக்கவளாகிவிடுகிறாள், ஆனால் சுவையானவளாக எஞ்சுவதில்லை. காரணத்தைச் சொல்லாமல், திறமை வந்த வழியை மட்டும் சொல்லுங்கள். சட்டத்தின் ஆணியைக் கழற்ற அவளுக்கு எங்கே கைப்பழக்கம் ஏற்பட்டது என்பது தெரிந்தால், அவள் யாருடைய பட்டறையில் வளர்ந்தாள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வார். துரத்துகிறவரைப் பொறுத்தவரை, அவர் அவளிடம் மயங்கிவிடும் கதைகள் அளவுக்கு மீறி எழுதப்பட்டுவிட்டன. அவளுடைய வேலையின் நேர்த்தியைப் புரிந்துகொள்ளும் ஒரே மனிதர் அவர் என்பதே போதுமான உறவு.

ஏழாம் படி: பிழை

திட்டம் எங்கே பிசகும் என்பதைத் திட்டத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் தற்செயல் நிகழ்ச்சி, அதாவது தவறி வந்த விருந்தாளியோ திடீரென்று பெய்த மழையோ, கதையை முன்னால் தள்ளுமே தவிர நாயகியைப் பற்றி எதையும் சொல்லாது. அவள் அறியாத ஒன்றிலிருந்து பிழை பிறக்க வேண்டும். வைர மாலை வழக்கில், ஒப்பந்தத்தில் போடப்பட்டிருந்த பொய்க் கையொப்பம் ‘பிரான்சின் மரி அந்துவானெத்’ என்று இருந்தது. பிரெஞ்சு அரசிகள் தம் பெயரை மட்டுமே ஒப்பமிடுவது வழக்கம். நாட்டின் பெயரைச் சேர்ப்பதில்லை. அரண்மனையில் வாழ்ந்து பழகாதவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அந்த உலகில் தனக்கு இடமுண்டு என்று காட்டிக்கொண்ட ழான், அந்த உலகத்தைச் சேர்ந்தவள் அல்லள் என்பதை ஒற்றைச் சொல் காட்டிவிட்டது. அரசவை வழக்கங்களில் ஊறிய கர்தினாலும் அதைக் கவனிக்கத் தவறினார் என்பது இன்னும் ஆழமானது, அவர் கவனிக்க விரும்பவில்லை.

நம் நாயகியின் பிழை என்னவாக இருக்கலாம்? அவள் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டவள். படிப்பில் வராத ஒன்று அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும்: ஓவியரின் பெயரை அச்சில் பார்த்தபடி உச்சரிக்கிறாள், தொழிலில் உள்ளவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். முதியவர் அதைக் கேட்கிறார், திருத்தவில்லை. இந்த இடம் கதையின் நடுவில் வரட்டும். அவர் ஏமாறுகிறாரா அல்லது ஏமாற ஒப்புக்கொள்கிறாரா என்ற கேள்வி அப்போது தொடங்கி இறுதிவரை உடன் வரும்.

எட்டாம் படி: முடிவைத் தேர்வது

குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்று வெளியிலிருந்து விதிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கத் திரைப்படங்களில் 1934 முதல் தணிக்கை நெறிகள் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தபோது, குற்றத்தின்பால் பார்வையாளருக்கு இரக்கம் தோன்றக் கூடாது என்பது விதியாயிற்று. சித்திரக்கதைகளுக்கு 1954இல் அதுபோன்ற நெறிமுறை வந்த பிறகு பூனைப் பெண் பல ஆண்டுகள் பக்கங்களில் தலைகாட்டவே இல்லை. இன்று உங்களை அப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் புதியவர்கள் பலர் பழக்கத்தால் இரண்டே முடிவுகளுக்குப் போகிறார்கள்: கைவிலங்கு அல்லது கடற்கரையில் ஓய்வு. இரண்டுமே அவளைப் பற்றியவை, ஏமாறியவர் காணாமல் போய்விடுகிறார்.

உண்மை வாழ்வின் முடிவுகள் கடுமையானவை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ழானுக்குச் சவுக்கடியும், திருடி என்பதைக் குறிக்கும் எழுத்தைச் சுட்டுப் பதிக்கும் தண்டனையும் கிடைத்தன, கர்தினால் விடுதலையானார். ரஷ்யாவில் ‘பொற்கரச் சோனியா’ என்று பெயர் பெற்றிருந்த திருடியை எழுத்தாளர் செகாவ் 1890இல் சகாலின் தீவின் சிறையில் பார்த்தார். அவர் கண்டது கையில் விலங்குடன், நரைத்து மெலிந்து, சுருக்கம் விழுந்த முகத்துடன் இருந்த ஒரு சிறிய பெண்ணை. புனைவில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, ஆனால் படிக்கட்டில் இறங்கி வரும் பெண்ணை எழுதும்போது இந்த முகமும் எழுதுகிறவரின் நினைவில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் குறுநாவலுக்கு முடிவு தேடியபோது எனக்கு உதவிய கேள்வி இது: அவள் எதை எடுத்துக்கொண்டு போனாள் என்பது எல்லோருக்கும் தெரியும், எதை விட்டுவிட்டுப் போனாள்? நம் கதையில் அவள் விட்டுச் செல்வது, மகன் இருபத்தைந்து வயதில் வாங்கிய ஓவியம் அசல் என்ற பொய். அந்த வீட்டில் உண்மையிலேயே போலியானது அதுதான். தந்தை சொன்னது சரி. காவல்துறைக்குப் போனால் முதியவர் அந்தப் பொய்யையும் இழக்க நேரும். எனவே அவர் புகார் கொடுப்பாரா, மாட்டாரா என்பதே இறுதி அத்தியாயம். நாயகி அதில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை.

எழுதி முடித்த பின்

ஒரு வாரம் இடைவெளி விட்டுவிட்டு, ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, நாயகி சொன்ன ஒவ்வொரு பொய்யையும் ஒரு பக்கத்திலும் அதற்குப் பின்னால் உள்ள உண்மையை மறுபக்கத்திலும் எழுதுங்கள். மறுமுறை படிக்கும் வாசகர் ஒவ்வொரு பொய்யையும் கண்டுகொள்ளும்படி கதையில் குறைந்தது ஒரு தடயமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடங்களில் ஒரு சொல், ஒரு தயக்கம், இடம் மாறிய ஒரு பொருள் போதும். பிறகு அவளுடைய வசனங்களை மட்டும் தொடர்ச்சியாக உரக்கப் படியுங்கள். எங்கேனும் அவள் எதையாவது வெளிப்படையாகக் கேட்டிருந்தால் அந்த வரியை எடுத்து ஏமாறுபவரின் வாயில் வையுங்கள். படிக்கட்டுக் காட்சி இன்னும் உங்கள் மனத்தை விட்டு அகலவில்லை என்றால் அதை இப்போது எழுதலாம். அவளுடைய வலது காலணி கடித்துக்கொண்டிருக்கிறது என்பதும், கழுத்தில் கிடக்கும் நகையை விடியுமுன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.